ஊழென்று வாளா இருத்தல் தகாது

சைவ வித்தியாசாலைகளிலே கல்வி கற்பிக்கும் உபாத்தியாயர்களே, உபாத்தியாயினிகளே,

கிடைத்தற்கரியது மானுடப் பிறவி என்று நாம் பிள்ளைகளுக்கு நாள்தோறும் படிப்பிக்கின்றோம். பலகோடி பிறவிகளிலே உழன்று வந்த ஆன்மாவானது சிவபெருமானை மனத்தினாலே சிந்தித்து, வாக்கினாலே துதித்து, காயத்தினாலே வணங்கி உய்தற்பொருட்டு, அவராலே தந்தருளப்பட்ட கருவியே இச்சரீரமாம். கருவியைத் தந்தவர் இறைவர். அதனைப் பேணுங் கடமை பெற்றவராகிய நமக்கு உரியது. உடம்பைக் காத்தல் உயிரைக் காத்தலாகும் என்னும் உண்மையைத் திருமூலநாயனார் திருமந்திரத்திலே உபதேசித்தருளினார். அபிஷேகத்துக்கு நீர் எடுக்குஞ் செப்புக்குடத்திலே ஊசித் துவாரங் கண்டவர், அது பெருகி நீர் முழுதும் ஒழுகும்வரை பார்த்திருப்பாரா? அன்றே கன்னாரிடங் கொண்டுபோய் அடைப்பிப்பர். இந்த நியாயத்தைப் பெண்பாலாருடைய சரீர விஷயத்திலே நாம் மறந்திருக்கின்றோம். அதுபற்றியே இன்று பேசப் புகுந்தோம்.

நாம் நன்கறிந்த உபாத்தியாயினி ஒருவர் இருந்தார். காலையிலே பிள்ளைகளைத் தேவாரம் ஓதுவித்து, இடாப்புக் கூப்பிட்டு, இரண்டு நாள் வராத பிள்ளை உண்டாயின் மாலையிலே அதன் வீடு தேடிப்போய் விசாரிக்கும் இயல்புடையவர். அவருக்கு மார்பிலே கடலை அளவினதாகிய ஒரு கட்டி தோன்றிற்று. நோவில்லை. நோவில்லாதது நோயன்று என்று அவர் எண்ணினார். ஆண்டிறுதிப் பரீட்சை முடியட்டும் என்றார். பின்பு மகளுடைய விவாகம் நிறைவேறட்டும் என்றார். அதன்பின்பு கோயில் மகோற்சவம் வந்தது. ஓராண்டுங் கழிந்து அவர் வைத்தியரிடஞ் சென்றபோது நோய் எலும்பிலும் ஈரலிலும் பரவிவிட்டது. பிறர் பிள்ளைகளின் வரவை ஒருநாளுந் தவறாது குறித்துவந்த அவர், தம் சரீரத்தின் வரவு செலவை ஒருநாளாவது குறித்தாரல்லர்.

செத்தவீட்டிலே நாமே எழுந்து நான்கு வார்த்தை சொன்னோம். எல்லாம் ஊழ்வினை, அதனைக் கடக்க வல்லார் யாவர் என்று முடித்தோம். படலையடியிலே அவருடைய தங்கையார் எம்மை வழிமறித்து, “ஐயா, அந்தக் கட்டி கடலை அளவாயிருந்த நாளிலும் விதி இதுதானா? அன்றைக்கு ஒருவர் அக்காவைக் கையிலே பிடித்து ஆசுபத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால், அதுவும் விதியிலே சேராதா?” என்று கேட்டார். விடை சொல்ல இயலாதவராய் நின்றோம். அவ்வினாவே இப்பிரசங்கத்துக்குக் காரணமாயிற்று.

வினை உண்டென்பதை நாம் மறுக்கின்றோமல்லோம். வினைப்பயனை அறிந்து கூட்டுபவர் சிவபெருமான். ஆயின், இன்னாருடைய வினை இத்துணையது, இந்நாளிலே முடிவது என்று அறிந்தவர் நம்முள் யாவர்? வினையின் அளவை அறியாத நாம், இந்நோய் தீராதது என்று முற்கூட்டியே முடிவு செய்தல் பணிவன்று; இறைவர் ஒருவர்க்கே உரிய அறிவை நம்முடையதாகக் கொள்ளும் அகங்காரமாம். துன்பம் ஒரு வாயிலாக வருதல்போல, அதன் நீக்கமும் ஒரு வாயிலாகவே வரும். வைத்தியரும் மருந்தும் பரிசோதனையும் அவ்வாயில்களாதல் கூடாதென்று எந்தச் சாத்திரஞ் சொல்லிற்று?

திருஞானசம்பந்தமூர்த்தி நாயனார் கொங்குநாட்டிலே திருக்கொடிமாடச் செங்குன்றூரிலே எழுந்தருளியிருந்த காலத்தில் நடந்ததை நினைமின்கள். பனிக்காலத்துக் குளிர்சுரம் அடியார்களை வருத்திற்று. இது இந்நாட்டின் இயல்பு என்று அவர்கள் விண்ணப்பஞ் செய்தார்கள். இயல்பென்று விட்டுவிடாமல் நாயனார் திருநீலகண்டப் பதிகம் பாடியருளினார், நோய் நீங்கிற்று. வந்த துன்பம் முன்வினைப் பயன் என்று சொல்லிக்கொண்டே அதினின்றும் பிழைக்கும் வழியைத் தேடாதிருத்தல் குற்றமாம் என்பது அப்பதிகத்து முதற்பாட்டின் கருத்து. நாமோ அப்பதிகத்தைப் பிள்ளைகளுக்கு மனனஞ் செய்வித்துவிட்டு, வாழ்க்கையிலே அதற்கு மாறாக ஒழுகுகின்றோம்.

திருநாவுக்கரசு நாயனார் சரித்திரமும் இதனையே உணர்த்தும். பாடலிபுத்திரத்திலே தருமசேனர் என்னும் பெயரோடு தலைமை பெற்றிருந்த காலத்துச் சூலைநோய் பற்றியபோது, அவர் தம் பெருமையைக் கருதி நோயை ஒளித்தாரல்லர். தமக்கையாராகிய திலகவதியாருக்கு ஆளனுப்பினார். பின்பு தாமே திருவதிகையை அடைந்து அவர் திருவடியிலே வீழ்ந்தார். உள்ளே வளரும் நோயைத் தமக்கு உரியவரிடத்து வெளியிட்டதே அவருடைய உய்திக்கு முதற்படியாயிற்று. அன்று தம்பியின் நோயைத் தமக்கை கேட்டார். இன்று தமக்கையரும் தங்கையரும் தாயரும் தம் நோயைச் சொல்ல, அதனைக் கேட்பார் யார்?

இனி, நோயின் இயல்பைச் சிறிது ஆராய்வோம். நம் சரீரம் எண்ணிறந்த கலங்களால் ஆயது. அவை ஒரு வரம்பினுள்ளே பெருகியுந் தேய்ந்தும் வருவன. அவ்வரம்பை மீறி ஒரு கலத்தின் வழிவந்தவை பெருகி, அயலிடங்களையும் பற்றிப் பரவுதலே புற்றுநோய். தொடக்கத்திலே பெரும்பாலும் நோவைத் தராமையே இதன் வஞ்சகம். ஆதலின் நோவு வந்தபின் போவோம் என்றிருத்தல், கள்ளன் விளக்கேற்றி வருவான் என்று காத்திருத்தலை ஒக்கும்.

பெண்பாலாரை வருத்துவனவற்றுள் இரண்டை விதந்து கூறுவோம். முதலாவது கருப்பைக் கழுத்துப் புற்றுநோய். இதற்குக் காரணம் பப்பிலோமா வைரசு என்னும் நுண்கிருமி. இவ்வுண்மையைக் கண்ட ஜெர்மானிய விஞ்ஞானி ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008 ஆம் ஆண்டு நோபல் பரிசு அளிக்கப்பட்டது. இக்கிருமி இல்லற உறவினாலே பரவுவது. மிகப் பலரைத் தொட்டு, பெரும்பாலாரிடத்துத் தானே நீங்கிவிடுவது. ஆதலின், இது வந்தமை ஒழுக்கக் கேட்டின் அடையாளமென்று பேசுதல் பெரும் பாவம். கற்பிற் சிறந்த இல்லாளுக்கும் இது வரும். நீங்காது நிலைத்த சிலரிடத்தே கலங்கள் மெல்லமெல்லத் திரிந்து, பெரும்பாலும் 15 முதல் 20 வருஷங்களிலே புற்றாகும். இத்துணை நீண்ட தவணையை நமக்கு இறைவர் தந்திருக்கின்றார். அத்தவணைக்குள்ளே பரிசோதித்தால், திரிந்த கலங்களைக் கண்டு, அவை புற்றாகுமுன்னரே நீக்கிவிடலாம்.

அப்பரிசோதனையைக் கண்டவர் கிரேக்க தேசத்திலே 1883 ஆம் ஆண்டு பிறந்து, அமெரிக்காவிலே நியூயோர்க்கு நகரத்திலே ஆராய்ச்சி செய்த ஜோர்ஜ் பாப்பனிக்கொலா என்பவர். அவர் பெயரைக் கொண்டே அது பாப் பரிசோதனை எனப்படும். 1928 ஆம் ஆண்டு அவர் தாங் கண்டதை வெளியிட்டபோது உலகம் அதனைப் பெரிதும் மதிக்கவில்லை. 1943 ஆம் ஆண்டு வெளிவந்த நூலின் பின்னரே அது பரவிற்று. அவருடைய மனைவியார் அந்திரோமகி, கணவனுடைய ஆராய்ச்சிக்காகப் பல வருஷங்கள் தம் சரீரத்தினின்றும் நாள்தோறும் மாதிரி எடுக்க இசைந்திருந்தார். முகமறியாத பெண்களின் உயிருக்காக ஒரு மனையாள் தம் கூச்சத்தை இவ்வாறு தியாகஞ் செய்தார். நாமோ நம் சொந்த உயிருக்காகச் சில நிமிஷக் கூச்சத்தைப் பொறுக்க மாட்டோம் என்கின்றோம்.

இரண்டாவது மார்பகப் புற்றுநோய். இலங்கைப் பெண்களிடத்தே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் இதுவே. இதனை முன்னது போலப் புற்றாகுமுன் தடுத்தல் அரிது. ஆயினும் சிறிதாயிருக்கும்போதே கண்டால் சிகிச்சை எளிதாகும். பலர் நெடுங்காலம் நலமாக வாழ்வர். மாதந்தோறும் தம் மார்பைத் தாமே பார்த்துத் தடவி அறிதலும், வைத்தியரைக் கொண்டு காலந்தோறும் பரிசோதிப்பித்தலும், அவர் சொல்வாராயின் மமோகிராம் என்னும் கதிர்ப்படம் எடுப்பித்தலும் செய்யத்தக்கன. புதிய கட்டி, தோலிலே குழிவு, முலைக்காம்பு உட்சுருங்குதல், அதினின்றும் இரத்தங் கசிதல், மாதவிடாய் நின்றபின் உதிரப்போக்கு, உறவின்பின் உதிரப்போக்கு என்னும் இவற்றுள் ஒன்று காணினும், அடுத்த பரிசோதனை நாளுக்குக் காத்திராது உடனே செல்லல் வேண்டும்.

நம் நாட்டிலே 1996 ஆம் ஆண்டு தொடக்கம் சுகவனிதையர் நிலையங்கள் நடைபெற்று வருகின்றன. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கீழ் நடக்கும் இந்நிலையங்களிலே பணம் வாங்குவதில்லை. 35 வயதிலும் 45 வயதிலும் கருப்பைக் கழுத்துப் பரிசோதனைக்கு வரும்படி பெண்களை அழைக்கின்றார்கள். மார்பகப் பரிசோதனையும், இரத்த அழுத்தம், நீரிழிவு என்பவற்றின் பரிசோதனையும் அங்கே உண்டு. எந்நாளிலே எங்கே நடக்கும் என்பதை அவ்வூர்க் குடும்பநல உத்தியோகத்தரைக் கேட்டால் அறியலாம். மாதவிடாய் அல்லாத ஒரு நாளிலே சென்றால், சில நிமிஷத்திலே மாதிரி எடுத்து முடித்துவிடுவர். 2017 ஆம் ஆண்டு முதல் ஆறாம் வகுப்பு மாணவியருக்குப் பப்பிலோமாத் தடுப்பூசியும் பாடசாலை வழியாக இடப்பட்டு வருகின்றது. ஊசி இட்டுக்கொண்டவரும் உரிய வயதிலே பரிசோதனையை விடலாகாது.

2011 ஆம் ஆண்டிலே தேவேந்திரமுனை தொடங்கிப் பருத்தித்துறை வரை, சாதி சமய பேதமின்றிப் பலர் நடந்து பொருள் திரட்டியதன் பயனாக, தெல்லிப்பழையிலே புற்றுநோய் வைத்தியசாலை அமைந்து 2013 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. நமக்காக அயலார் இலங்கையின் நீளம் முழுவதும் நடந்தார்கள். நம் ஊர் நிலையத்துக்கு நாம் நடக்கவேண்டிய தூரம் எவ்வளவு?

சிலர் நாணத்தைத் தடையாகச் சொல்வர். நாணம் தீயனவற்றுக்கு அஞ்சுதல். வைத்தியர்முன் நோயை மறைத்தல் நாணமாகாது. பெண் வைத்தியரும் தாதியரும் உள்ள நாளை விசாரித்துச் செல்லுதல் யாவர்க்குங் கூடும். வேறு சிலர், நோயென்று சொல்லிவிட்டால் என் செய்வது என்று பயப்படுவர். மீண்டும் பரிசோதிக்க வேண்டும் என்று சொல்லியனுப்பினால் அது புற்றென்று முடிந்ததன்று. பலருக்கு அது சிறு விகாரமாகவே முடியும். பரிசோதனை சிலவேளை பிழைத்தலும் உண்டு. ஆதலினாற்றான் ஒருமுறையோடு நில்லாது உரிய காலத்திலே மீண்டுஞ் செய்யச் சொல்கின்றார்கள்.

நேரமில்லை என்பாருக்கு ஒன்று சொல்வோம். நம் பெண்கள் கணவருடைய நலங் கருதி ஆண்டுதோறும் 21 நாள் கேதாரகௌரி விரதம் அனுட்டிக்கின்றார்கள். பிறருக்காக இருபத்தொரு நாளைக் கொடுப்பவர், தமக்காகப் பத்தாண்டிலே அரைநாளைக் கொடுத்தல் ஆகாதா? ஆடவர்களே, அவ்விரதத்தின் பயன் யாது என்று புராணஞ் சொல்லுகின்றது? உமாதேவியார் இறைவருடைய திருமேனியிலே பாதியைப் பெற்றார் என்றன்றோ! மனைவியின் சரீரம் உமது பாதியானால், அதனைப் பேணுதல் உமக்குங் கடன். காப்பு நூலைக் கட்டுவித்துக்கொள்ளும் கையினாலேயே, நிலையத்துக்குச் செல்லும் நாளிலே அடுப்பையும் பிள்ளையையும் பார்த்துக்கொள்ளுமின்கள்.

உபாத்தியாயர்களே, இவ்விஷயத்திலே உங்களாற் செய்யத்தக்கன பெரியனவல்ல. உபாத்தியாயினிகள் முதலிலே தாங்கள் சென்று வருக. செய்து காட்டாதார் சொல் ஏறாது. ஒருவர் தனியே போகக் கூசுவாராயின் நால்வர் கூடிச் செல்க. பெற்றோர் கூட்டத்திலே ஒருமுறையாவது குடும்பநல உத்தியோகத்தரை அழைத்துப் பேசுவிக்க. தடுப்பூசிச் சம்மதக் கடிதத்தை வெறுங் கடதாசியாகப் பிள்ளையிடங் கொடுத்தனுப்பாது, அதன் காரணத்தைத் தாய்க்கு எடுத்துரைக்க. நோயுற்றவரைப் பற்றிப் புறங்கூறுவாரை அவ்விடத்திலேயே தடுக்க. ஊர்வாய்க்கு அஞ்சியே பலர் நோயை ஒளிக்கின்றார்கள். வராத பிள்ளையைத் தேடிச் செல்லும் அந்தக் கால், நிலையத்துக்கு வராத தாயையுந் தேடிச் செல்லுமாக.

படலையடியிலே கேட்கப்பட்ட வினாவுக்கு இப்போது விடை சொல்கின்றோம். ஆம் தங்கையே, அன்று ஒருவர் உம் தமக்கையாரைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றிருந்தால், அதுவும் இறைவர் கூட்டிய விதியிலே சேர்ந்திருக்கும். அவ்வாறு அழைத்துச் செல்லாமையை நாம் ஊழின்மேலே ஏற்றினோம். அது எம்முடைய பிழை. அப்பிழை இன்னொரு வீட்டிலே நிகழாதிருக்கும்பொருட்டே இதனை எழுதினோம்.

புள்ளிருக்குவேளூரிலே வைத்தியநாதர் என்னுந் திருநாமத்தோடு எழுந்தருளியிருக்கும் சிவபெருமான், நம் தாயரும் சகோதரிகளும் நோய் முதிருமுன் அதனை அறிந்து, மருந்துண்டு, நெடுங்காலம் இருந்து, தம்மை வழிபட்டு உய்யும்படி அருள்செய்வாராக.

திருச்சிற்றம்பலம்.