பிரகலாதன் யாருடைய பிள்ளை?



போன மாதம் எங்கள் ஆலயத்து ஞாயிறு சமய வகுப்பில் ‘வினை’ என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். அன்று பேசியதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். நான் சமய ஆசிரியர் இல்லை, மெக்கானிக்கல் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு மாணவன். தப்பு இருந்தா பெரியவங்க திருத்துங்க.

எங்க வீட்டுக் கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். பாட்டிக்கு இனிப்பு நீர். கடைசி நாலு வருஷம் வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ். பெரியப்பாவுக்கு இடது காலில் இரண்டு விரல் இல்லை. அப்பாவுக்கு 41 வயதில் கண்டுபிடித்தார்கள். எங்கள் குடும்பத்தில் யாரும் உயில் எழுதாமலே எல்லாருக்கும் சமமாகப் பங்கு பிரிந்த சொத்து இது ஒன்றுதான்.

சென்ற ஆண்டு தொழிற்பயிற்சிக்குப் போகும் முன் மருத்துவப் பரிசோதனை செய்தேன். குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் என்று டாக்டர் கேட்டார். சொன்னேன். உடனே இன்னொரு ரத்தப் பரிசோதனையும் எழுதிக் கொடுத்தார். எச்பிஏ1சி 5.9. எடை 86 கிலோ. “இன்னும் வரல தம்பி, ஆனா வாசல்ல வந்து நிக்குது” என்றார். எனக்கு அப்போது 22 வயசு.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பா தே தாரிக் கலக்கிக்கொண்டே, “நம்ம ரத்தம் அப்படிடா. தலையெழுத்து. யாரால மாத்த முடியும்?” என்றார். நோயைவிட அந்த வார்த்தைதான் என்னைத் தூங்க விடவில்லை. அப்பா சாமி கும்பிடாமல் வேலைக்குப் போகாதவர். அவர் சமயத்தின் பெயரால் சொன்னது உண்மையா, இல்லை சௌகரியமா?

இது எங்கள் ஒரு வீட்டுப் பிரச்சினையும் இல்லை. 2019 தேசிய சுகாதார ஆய்வில், வயது வந்த மலேசியர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் தனியாகப் பார்த்தால் 31.4 விழுக்காடு. உங்கள் ஆலயத்தில் அடுத்த வெள்ளிக்கிழமை அன்னதான வரிசையில் நிற்பவர்களை மூன்று மூன்றாக எண்ணிப் பாருங்கள்.

சரி, வினைக்கு வருவோம். நம் சமயம் வினையை மூன்றாகப் பிரிக்கிறது. சேர்த்து வைத்தது சஞ்சிதம். அதிலிருந்து இப்பிறவியில் அனுபவிக்க வந்தது பிராரத்தம். இப்போது நாமே புதிதாகச் செய்துகொண்டிருப்பது ஆகாமியம். இதற்குப் பெரியவர்கள் சொல்லும் உவமை எனக்கு ரொம்பப் பிடிக்கும். தூணியில் இருக்கும் அம்பு, வில்லை விட்டுப் போய்விட்ட அம்பு, கையில் எடுத்திருக்கும் அம்பு. போன அம்பைத் திருப்ப முடியாது. சரி. ஆனால் கையில் இருக்கிறதே ஒன்று, அதை எங்கே விடுவது என்று யார் முடிவு செய்வது? “தலையெழுத்து” என்று சொல்லும்போது நாம் போன அம்பைப் பற்றி மட்டும் பேசிவிட்டு, கையில் இருப்பதை மறைத்துவிடுகிறோம். வள்ளுவரும் ஊழை 38ஆவது அதிகாரமாக வைத்தவர், அதோடு நிறுத்தவில்லை. 62ஆவதாக ஆள்வினையுடைமை வைத்திருக்கிறார். நம்ம ஆளுங்க பாதிப் பேர் 38லயே புத்தகத்தை மூடிடுறாங்க.

இப்போது பிரகலாதன். அவன் யாருடைய பிள்ளை? இரணியனுடைய பிள்ளை. அசுர ரத்தம். சித்தப்பா இரணியாட்சன். வளர்ந்தது அசுரர் அரண்மனை, படித்தது அசுர குரு வீட்டுப் பள்ளி. குடும்ப ரத்தம்தான் எல்லாம் என்றால், அவன் இன்னொரு இரணியனாகத்தான் வந்திருக்க வேண்டும். ஆனால் தாய் கயாது கர்ப்பமாக இருந்தபோது நாரதர் ஆசிரமத்தில் தங்கினாள். அவர் சொன்னதைக் குழந்தை வயிற்றுக்குள் இருந்தே கேட்டது என்கிறது புராணம். பிறகு அவனே தினம் தினம், அடி வாங்கியும், நாமத்தை விடவில்லை. கேட்டதும் செய்ததும் சேர்ந்து ரத்தத்தை ஜெயித்தன.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். “பார்த்தாயா, நம் புராணத்தில் அப்போதே ஜெனெடிக்ஸ் இருந்தது” என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிப் பேசுறவங்களைப் பார்த்தா எனக்குக் கொஞ்சம் கோபமே வரும். புராணம் சொல்ல வந்தது வேறு: பிறப்பு ஒருவனின் கடைசி வார்த்தை இல்லை. அறிவியல் தன் வழியில் போய் என்ன கண்டது என்பதைத் தனியாகப் பார்ப்போம்.

அமெரிக்காவில் 3,234 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. எல்லாருமே என்னைப் போல, வாசலில் நோய் நிற்கிறவர்கள். ஒரு குழுவுக்குப் பொய் மாத்திரை. ஒரு குழுவுக்கு மெட்ஃபார்மின். இன்னொரு குழுவுக்கு உணவுக் கட்டுப்பாடும் வாரத்துக்கு 150 நிமிட நடையும், எடையில் 7 விழுக்காடு குறைப்பதும் இலக்கு. 2002இல் முடிவு வெளியானது. பொய் மாத்திரைக் குழுவோடு ஒப்பிட்டால் மெட்ஃபார்மின் சாப்பிட்டவர்களுக்கு நோய் வருவது 31 விழுக்காடு குறைந்தது. நடந்தவர்களுக்கு 58.

என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அடுத்த பகுதி. அதே ஆட்களின் மரபணுவையும் பார்த்து 2006இல் எழுதினார்கள். டிசிஎஃப்7எல்2 என்று ஒரு மரபணு. அதன் ஆபத்தான வடிவம் அப்பா, அம்மா இரண்டு பக்கமிருந்தும் வந்தவர்களுக்கு, பொய் மாத்திரைக் குழுவில் நோய் மற்றவர்களைவிட வேகமாக வந்தது. நடந்த குழுவில் அந்த வேறுபாடு பெரிதாகச் சொல்ல முடியாத அளவுக்குச் சுருங்கிவிட்டது. மரபணு அப்படியேதான் இருந்தது. அதன் கை ஓங்கவில்லை, அவ்வளவுதான்.

நம்ம ஆளுங்களுக்கும் இது பொருந்துமா என்று கேட்பீர்கள். இந்தியாவில் 531 பேரை வைத்து இதே மாதிரி ஓர் ஆய்வு நடத்தி, அதுவும் 2006இல்தான் வெளியிட்டார்கள். அங்கே குறைந்தது 28.5 விழுக்காடு. 58 இல்லை, பாதிதான். ஆக நம் ரத்தம் கொஞ்சம் முரட்டு ரத்தம்தான். அதனால் விட்டுவிடுவதா, இன்னும் கூடுதலாக நடப்பதா?

எங்கள் படிப்பில் ஒரு பாடம். ஒரு எஃகுத் தண்டில் சுமையை ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தால் ஒருநாள் அது களைத்து உடையும். ஆனால் எஃகுக்கு எண்டியூரன்ஸ் லிமிட் என்று ஓர் எல்லை உண்டு. சுமை அதற்குக் கீழே இருந்தால் கோடி முறை ஆனாலும் தாங்கும். சில எஃகுக்கு அந்த எல்லை உயரம், சிலதுக்குத் தாழ்வு. நமக்குக் கிடைத்தது தாழ்ந்த எல்லை உள்ள எஃகு என்று வையுங்கள். எஃகை மாற்ற முடியாத இன்ஜினியர் என்ன செய்வார்? சுமையைக் குறைப்பார். ராத்திரி பதினோரு மணிக்கு மாமாக் கடையில் ரொட்டி சானாய் இரண்டு, மைலோ ஐஸ் ஒன்று. அதுதான் சுமை.

ஒன்றை மட்டும் தவறாகப் புரிந்துகொள்ளாதீர்கள். நோய் வந்தவரைப் பார்த்து “நீ ஒழுங்கா சாப்பிட்டிருந்தா வந்திருக்காது” என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை. எங்கள் பாட்டி மூன்று வேளையும் குடும்பத்துக்குப் போக மிஞ்சியதைத்தான் சாப்பிட்டார். யாரும் அவருக்கு எதையும் சொல்லித்தரவில்லை. வினையை நம்மைத் திருத்திக்கொள்ளப் படிக்கிறோம், அடுத்தவரைக் குத்த இல்லை.

திருமூலர் முதலில் உடம்பை இழிவாக நினைத்திருந்தவர். உள்ளே இறைவன் குடியிருப்பதைக் கண்ட பிறகு அதைப் பேண ஆரம்பித்தார். இதை அப்பாவிடம் சொன்னால் “பெரிய ஞானி வந்துட்டாரு” என்பார். அதனால் வேறு வழியில் கேட்டேன். அப்பா தைப்பூசத்துக்கு வருஷா வருஷம் 21 நாள் விரதம் இருந்து, பத்துமலை 272 படியும் பால்குடத்தோடு ஏறுகிறவர். அந்த நாட்களில் தரையில்தான் படுப்பார். இறைச்சி, வெளிச்சாப்பாடு எதுவும் கிடையாது.

“அப்பா, 21 நாள் வாயைக் கட்டுனீங்களே, அது யாரு எழுதுன தலையெழுத்து?”

அவர் பதில் சொல்லவில்லை. கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தேன். இரண்டு நாள் கழித்து, சாயங்காலம் நான் நடக்கக் கிளம்பும்போது வாசலில் ஷூவோடு நின்றார். “சும்மா வரேன், மழை வந்தா குடை பிடிக்க” என்றார். குடை இல்லை அவர் கையில்.

ஏழு மாதம் ஆகிறது. நடக்கும்போது தசை, இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே ரத்தத்துச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளுமாம். அதனால் சாப்பாட்டுக்குப் பிறகு பதினைந்து நிமிடமாவது நடக்கிறோம். தே தாரிக் இப்போது தே ஓ கோசோங் ஆகிவிட்டது. முதல் வாரம் அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே! என் எடை 80, எச்பிஏ1சி 5.6. அப்பாவுக்கு நோய் போகவில்லை, மருந்து தொடர்கிறது. வரும் தைப்பூச விரதத்துக்கு முன் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மருந்து சாப்பிடுகிற எல்லா வீட்டிலும் அப்படிச் சொல்லுங்கள்.

அடுத்த பரிசோதனை மார்ச்சில். பெரியப்பா மகனுக்கு 19 வயசு, இதுவரை ஒருமுறைகூட ரத்தம் எடுத்துப் பார்த்ததில்லை. அவனையும் இழுத்துக்கொண்டு போகப் போகிறோம்.

திருச்சிற்றம்பலம்.