தங்குவது யார் கடன்?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், மலைகளுக்கு நடுவே, லொரெட்டோ என்றொரு சிற்றூர் இருக்கிறது. ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர். பிரான்சிஸ்கன் சபையினர் 1847-இல் தொடங்கிய செயின்ட் பிரான்சிஸ் பல்கலைக்கழகம்தான் அதன் அடையாளம். 2025 மார்ச்சில் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆடவர் கூடைப்பந்து அணி, 1991-க்குப் பிறகு முதல்முறையாக, நாடே பார்க்கும் தேசியக் கல்லூரிப் போட்டிக்குத் தகுதி பெற்றது. மார்ச் 18-ஆம் நாள் அலபாமா ஸ்டேட் அணியிடம் 70-68 என்று இரண்டே புள்ளியில் தோற்றது. தோல்வியின் சூடு ஆறுவதற்குள், ஒரே வாரத்தில், பல்கலைக்கழகம் இன்னொரு செய்தியைச் சொன்னது: முதல் பிரிவிலிருந்து விலகி, விளையாட்டுக்கென உதவித்தொகையே தராத மூன்றாம் பிரிவுக்கு இறங்கப்போகிறோம். அதே கல்லூரியில் ஆடிப் படித்து, கால் நூற்றாண்டாக அங்கேயே பயிற்சி தந்துவந்த ராப் கிரிம்மலும் அந்த நாட்களிலேயே பொறுப்பிலிருந்து விலகினார்.

பல்கலைக்கழகம் சொன்ன காரணங்களில் இரண்டு முக்கியமானவை. ஒன்று டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்; மற்றது வீரர்களுக்குப் பணம் தரும் புதிய நடைமுறை. போர்ட்டல் என்பது 2018 அக்டோபரில் வந்த ஓர் இணையப் பட்டியல்தான். கல்லூரி மாற நினைக்கும் வீரரின் பெயர் அதில் ஏறிவிட்டால் எந்தக் கல்லூரிப் பயிற்சியாளரும் அவரை அழைத்துப் பேசலாம். அதற்கு முன் பழைய கல்லூரியால் தடை போட முடிந்தது. பெரிய விளையாட்டுகளில், மாறியவர் ஓராண்டு ஆடாமல் உட்கார வேண்டும் என்ற விதியும் இருந்தது. 2021-இல் ஒருமுறை மாறுவோருக்கு அந்த விதி தளர்ந்தது. 2024-இல், நீதிமன்றம் குறுக்கிட்ட பிறகு, படிப்பில் தேறிவந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றாயிற்று. இதற்கிடையே 2021 ஜூலையில், தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கும் உரிமை வீரர்களுக்குக் கிடைத்தது. 2025 ஜூனில், வீரர்கள் தொடுத்த ஹவுஸ் வழக்கின் சமரசத்தை நீதிமன்றம் ஏற்றதும், கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம் என்ற நிலை வந்தது. முதலாண்டில் ஒரு கல்லூரி தரக்கூடிய உச்சவரம்பு ஏறத்தாழ 2 கோடியே 5 லட்சம் டாலர். லொரெட்டோ போன்ற ஊர்க் கல்லூரிகளால் அந்த வரம்பின் பக்கத்தில்கூடப் போக முடியாது. அந்தச் சமரசத்தின்படி முன்னாள் வீரர்களுக்குத் தர வேண்டிய சுமார் 280 கோடி டாலரில் ஒரு பகுதி மட்டும், கல்லூரி விளையாட்டை நடத்தும் தேசியச் சங்கம் தரும் பங்குத்தொகையில் பிடித்தமாக, சிறு கல்லூரிகளின் தலையிலும் விழுகிறது.

பெரிய ஊர்ப் பயிற்சியாளர்கள் திரும்பிப் பார்க்காத ஒரு பள்ளி மாணவரைச் சிற்றூர்க் கல்லூரி தேடிப் பிடிக்கிறது. இரண்டு ஆண்டுகள் உடலையும் ஆட்டத்தையும் செதுக்குகிறது. பெயர் வெளியே தெரிந்ததும் அவர் போய்விடுகிறார். செய்ந்நன்றி என்ற பேச்சு இங்கே தானாக வந்துவிடும். ஊர்க்காரர்களின் ஆற்றாமை பொய்யும் அல்ல. வெள்ளிக்கிழமை இரவுகளில் திரையரங்கோ பெரிய கடைத்தெருவோ இல்லாத ஊருக்கு அந்த அணி பொழுதுபோக்கு மட்டுமல்ல, தன் பெயரை வெளியுலகம் உச்சரிக்கக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு. ஆனாலும் நன்றிக்கடன் என்று வசூலிக்கப் புறப்படும் முன், கொடுத்தவர் என்ன கொடுத்தார் என்று கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1955-இல் கொலராடோ மாநிலத்தின் ஃபோர்ட் லூயிஸ் கல்லூரிக்காகக் கால்பந்து ஆடிய ரே டென்னிசன் தலையில் அடிபட்டு இறந்தார். அமெரிக்கக் கால்பந்து, தலையும் தோளும் மோதும் ஆட்டம். அவருடைய மனைவி தொழிலாளர் இழப்பீடு கேட்டார். உதவித்தொகைக்காக ஆடியவர் கல்லூரியின் ஊழியர்தானே என்பது அவர் தரப்பு. 1957-இல் மாநில உச்ச நீதிமன்றம் அதை மறுத்தது: கல்லூரி கால்பந்துத் தொழில் நடத்தவில்லை, எனவே அவர் ஊழியர் அல்லர். தேசியச் சங்கத்தின் நெடுநாள் நிர்வாக இயக்குநர் வால்டர் பையர்ஸ் ‘மாணவ-விளையாட்டு வீரர்’ என்ற அடைமொழியை உருவாக்கிப் பரப்பியது இத்தகைய வழக்குகளைச் சமாளிக்கத்தான். பிற்காலத்தில் அவரே அதை எழுதியிருக்கிறார். டென்னிசன் வழக்கு ஒரு பெரிய பணக்காரப் பல்கலைக்கழகத்தைப் பற்றியதல்ல என்பதை மறக்கக் கூடாது. ஒரு சிறிய மலைப்பகுதிக் கல்லூரியில் நடந்தது அது. விதவை இழப்பீடு கேட்டபோது ‘அவர் வெறும் மாணவர்’ என்ற வாதத்தால் காப்பாற்றப்பட்ட அமைப்பு, வீரர் விலகும்போது ‘எங்கள் முதலீடு போகிறதே’ என்று முறையிடுவது எப்படிப் பொருந்தும்? மாணவர் கல்லூரி மாறுவதை யாரும் துரோகம் என்பதில்லை. பௌதிகத்தில் கெட்டிக்காரரான ஒரு பெண் இரண்டாமாண்டில் பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போனால் பழைய ஆசிரியர் பெருமையோடு பரிந்துரைக் கடிதம் எழுதுவார்.

உதவித்தொகையும் சொல்லப்பட்ட அளவுக்கு உறுதியான கொடையாக இருந்ததில்லை. 1973 முதல் 2012 வரை அதை ஓராண்டுக்கு மட்டுமே தரலாம் என்பது சங்கத்தின் விதி. ஆண்டு முடிவில், காயம்பட்டவரையோ சோபிக்காதவரையோ பயிற்சியாளர் கழற்றிவிடலாம். பயிற்சியாளர்களோ இரவோடு இரவாகக் கூடுதல் சம்பளத்துக்குப் போவார்கள். அவர்கள் நம்பிச் சேர்த்த பிள்ளைகள் மட்டும் அங்கேயே இருக்க வேண்டும். பழைய ஏற்பாட்டில் தங்கியிருந்தவர்களைப் பற்றி ஏக்கத்தோடு பேசுபவர்கள், அவர்களில் எத்தனை பேர் விரும்பித் தங்கினார்கள், எத்தனை பேர் கதவு பூட்டியிருந்ததால் தங்கினார்கள் என்று பிரித்துப் பார்ப்பதில்லை. பூட்டிய கதவுக்குள் இருந்ததை விசுவாசம் என்று பாராட்ட முடியாது.

கல்லூரியே வீரரை விட்டுப்போவதும் உண்டு. அயோவாவின் மவுண்ட் பிளஸன்ட் என்ற சிற்றூரில் 1842 முதல் இயங்கிய அயோவா வெஸ்லியன் பல்கலைக்கழகம் 2023 மார்ச்சில் அறிவித்து, அந்தக் கல்வியாண்டோடு மூடிக்கொண்டது. அலபாமாவின் பர்மிங்ஹாம்-சதர்ன் கல்லூரி 2024 மே 31-இல் மூடப்பட்ட அன்று, அதன் பேஸ்பால் அணி மூன்றாம் பிரிவின் இறுதிச் சுற்றில் ஆடிக்கொண்டிருந்தது. கல்லூரி போய்விட்டது, வீரர்கள் அதன் சட்டையைக் கழற்றவில்லை.

இதையெல்லாம் அடுக்கிவிட்டு, ‘ஆகவே வீரருக்கு எந்தக் கடனும் இல்லை’ என்று கையைத் தட்டிவிட்டுப் போவது சோம்பேறித்தனம். நிறுவனத்துக்குக் கடன் இல்லை என்பதால் மனிதர்களுக்கும் கடன் இல்லை என்று ஆகிவிடாது. 2024-இல் இண்டியானா ஸ்டேட் கூடைப்பந்து அணிக்கு நடந்ததைப் பார்க்கலாம். அறுபதாயிரம் பேர்கூட இல்லாத டெர் ஹோட் நகரத்தின் அந்த அணி, தேசியப் போட்டிக்கு அடுத்த நிலையிலுள்ள என்.ஐ.டி. போட்டியின் இறுதி ஆட்டம்வரை வந்து, சீட்டன் ஹால் அணியிடம் இரண்டு புள்ளியில் தோற்றது. சில நாட்களில் பயிற்சியாளர் ஜாஷ் ஷெர்ட்ஸ் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஊரின் செல்லப்பிள்ளை ராபி அவிலா அவரைத் தொடர்ந்தார். முதல் ஐவரில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. (வென்ற அணியின் பயிற்சியாளர் ஷஹீன் ஹாலவே, இரண்டு ஆண்டுகளுக்கு முன் செயின்ட் பீட்டர்ஸ் என்ற சின்னக் கல்லூரியை எட்டு அணிகளின் சுற்றுவரை கொண்டுவந்துவிட்டு, அந்த வெற்றி ஓயுமுன் சீட்டன் ஹாலுக்குப் போனவர்.) அவிலாவின் மேல் குற்றம் சொல்வது கடினம். தன்னைச் சேர்த்தவர், தன்னை வளர்த்தவர் போகும்போது அவரோடு போனார். அதுவும் ஒருவகை விசுவாசம்தான். ஆனால் மாற்று வரிசையில் உட்கார்ந்திருந்த, எந்தப் பெரிய கல்லூரியும் அழைக்காத வீரர்களும் அதே பயிற்சியாளரை நம்பித்தான் வந்திருந்தார்கள். ஐந்து பேர் போவது ஒரு நிர்வாகத்தைத் தண்டிப்பதாகத் தோன்றலாம். உண்மையில் அடிபடுவது, போக வழியில்லாத ஏழெட்டுப் பேர்.

அதே டெர் ஹோட்டில் தங்கியவர் ஒருவரின் கதையும் இருக்கிறது. 1974-இல் கூடைப்பந்து வீரர் லாரி பேர்ட், புளூமிங்டனில் உள்ள பெரிய இண்டியானா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, ஒரு மாதம்கூட முடியாமல், அந்தக் கூட்டம் ஒத்துவராமல் ஃபிரெஞ்ச் லிக் என்ற சொந்தச் சிற்றூருக்குத் திரும்பினார். ஓராண்டு நகராட்சி வேலை பார்த்தார்; குப்பை வண்டியிலும் போனார். பிறகுதான் இண்டியானா ஸ்டேட். 1978-இலேயே பாஸ்டன் செல்டிக்ஸ் என்ற தொழில்முறை அணி அவரைத் தேர்ந்தெடுத்துவிட்டது. அவர் இன்னும் ஓராண்டு கல்லூரியில் இருந்தார். 1979-இல் ஓர் ஆட்டமும் தோற்காமல் இறுதி ஆட்டத்துக்கு வந்து, மேஜிக் ஜான்சனின் மிஷிகன் ஸ்டேட்டிடம் தோற்றார். இதை இன்றைய வீரர்களுக்குப் பாடமாகச் சொல்பவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். காத்திருந்ததால் பேர்ட் நட்டப்படவில்லை. அவருக்குக் கிடைத்த ஒப்பந்தம் மிகப் பெரியது. காத்திருக்கும் ஆண்டில் முழங்கால் போனால் எதுவும் மிஞ்சாத ஒருவரிடம், பேர்டைக் காட்டி ‘நீயும் இரு’ என்று சொல்ல யாருக்கும் தகுதி இல்லை. பேர்டின் கதை காட்டுவது வேறு: அவர் ஓடிவந்தது பெரிய ஊரிலிருந்து. சிலருக்குச் சின்ன ஊர்தான் ஆட்டத்தைத் தருகிறது. போகும் உரிமை இருந்தால்தான் இப்படி வருவதும் நடக்கும்.

கடமை என்று வலியுறுத்த முடியாத, ஆனால் கேட்டவுடன் தலை தாழும் விசுவாசமும் உண்டு. அதற்கு மறுபடி லொரெட்டோவுக்கே போகலாம். அங்கே ஆடிய மிகச்சிறந்த வீரர் மாரிஸ் ஸ்டோக்ஸ். 1950-களில் அந்தச் சிறு கல்லூரியைத் தேசிய அளவில் பேசவைத்த கறுப்பின இளைஞர். தொழில்முறை ஆட்டத்தில் முதலாண்டிலேயே சிறந்த புதுமுகமானார். 1958 மார்ச்சில், ஓர் ஆட்டத்தில் விழுந்ததில் அவர் தலையில் அடிபட்டது; சில நாட்களில் உடல் முழுதும் செயலிழந்தது. அவரை அணியோ தொழில்முறைக் கூடைப்பந்துச் சங்கமோ தாங்கவில்லை. சக ஆட்டக்காரர் ஜாக் டுவைமன், வெள்ளையர், சட்டப்படி அவருக்குக் காப்பாளராகி, 1970-இல் ஸ்டோக்ஸ் இறக்கும்வரை மருத்துவச் செலவுக்கு நிதி திரட்டும் ஆட்டங்கள் நடத்தினார். எந்த ஒப்பந்தமும் டுவைமனைக் கட்டவில்லை. ஸ்டோக்ஸ் தன் விருப்பப்படி லொரெட்டோவில் அடக்கம் செய்யப்பட்டார். ஒரு கல்லூரி தன் வீரரிடம் பெறக்கூடிய பற்று இதைவிடப் பெரிதாக இருக்க முடியாது. அதை எந்த இடமாற்ற விதியும் உண்டாக்கவில்லை.

மூன்றாம் பிரிவுக்கு இறங்கினால் இந்தச் சிக்கல் தீருமா? முழுதும் தீராது. அங்கே முகம்தான் மாறும். சிற்றூர்த் தனியார் கல்லூரிகள் பலவற்றுக்கு விளையாட்டு என்பது மாணவர் சேர்க்கையின் கருவி. 2008-க்குப் பிறகு அமெரிக்காவில் பிறப்பு குறைந்தது. அந்தக் குழந்தைகள் இப்போது கல்லூரி வயதுக்கு வருகிறார்கள்; சேர ஆள் குறைகிறது. நூறு பேர் கொண்ட கால்பந்து அணி என்றால் கட்டணம் செலுத்தும் நூறு பேர். அவர்களில் பலர் ஒரு சனிக்கிழமைகூடக் களத்தில் இறங்கமாட்டார்கள் என்பது சேர்க்கும்போதே பயிற்சியாளருக்குத் தெரியும். இங்கே ‘வீரரைத் தக்கவைப்பது’ என்று பேசப்படுவது பெரும்பாலும் கட்டணத்தைத் தக்கவைப்பது. ஆடும் வாய்ப்பு உண்டு என்று நம்பவைத்து, கடன் வாங்கவைத்து, உட்காரவைப்பது, பணம் கொடுத்து இழுக்கும் பெரிய கல்லூரியைவிட எந்த வகையிலும் மேலான செயல் அல்ல. பெரிய கல்லூரி குறைந்தபட்சம் தொகையை வீரரிடம் வெளிப்படையாகச் சொல்கிறது.

மாறுவதால் வீரருக்கு வரும் இழப்பையும் யாரும் சொல்லித் தருவதில்லை. 2017-இல் அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, கல்லூரி மாறிய மாணவர்கள் சராசரியாகத் தாங்கள் சேர்த்த பாடப்புள்ளிகளில் 43 விழுக்காட்டை இழந்தார்கள். அது எல்லா மாணவருக்குமான கணக்கு. ஆனாலும் மூன்று கல்லூரி மாறும் வீரரின் பட்டம் எங்கே நிற்கும் என்று ஊகிக்கலாம். போர்ட்டலில் பெயர் போட்டு, எவரும் அழைக்காமல், பழைய இடமும் போய் நிற்பவர்களும் உண்டு. இந்த உண்மையை எடுத்துச்சொல்ல வேண்டியவர் பழைய பயிற்சியாளர். அவர் சொன்னால் மிரட்டல் போலத் தோன்றுவதுதான் கஷ்டம்.

சிற்றூர்க் கல்லூரி ஒரு நாற்றங்கால் என்று ஒப்புக்கொள்வதில் அவமானம் இல்லை. நாற்று அங்கேயே முற்ற வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் நாற்றுக்கு விலை உண்டு. உலகக் கால்பந்தில் ஃபிஃபா விதிப்படி, ஒரு வீரர் ஒப்பந்தக் காலத்தில் வேறு அணிக்கு விற்கப்படும்போது அந்தத் தொகையில் 5 விழுக்காடு, அவர் 12 வயது முதல் 23 வயதுவரை பயின்ற அணிகளுக்குப் பிரித்துத் தரப்படுகிறது. ஒரு கிராமத்துக் கழகத்தால் அதில் புல்தரை போட்டுக்கொள்ள முடிகிறது. அமெரிக்கக் கல்லூரிகளுக்கு அப்படி எதுவும் இல்லை. பெரிய கல்லூரி ஒரு வீரரை அழைத்துக்கொள்ளும்போது அவரைச் செதுக்கிய சிறு கல்லூரிக்கு ஒரு பங்கு தரட்டும் என்பது நியாயமான யோசனைதான். அந்தப் பணம் வீரரின் பங்கிலிருந்து போகக் கூடாது என்பது முதல் நிபந்தனை. இரண்டாவது கசப்பானது: அந்தப் பங்கைக் கேட்கும் கல்லூரி, தான் ஒரு தொழில் நடத்துகிறது என்றும் வீரர் அதில் உழைப்பவர் என்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். டென்னிசன் வழக்கில் மறுத்ததை இப்போது ஏற்க வேண்டும். ஏற்றால் காயத்துக்கு இழப்பீடு, வேலை நேரம், தொழிற்சங்கத்தில் சேரும் உரிமை எல்லாம் பின்னே வரும்.

இவ்வளவையும் ஏற்ற ஒரு கல்லூரி, பருவம் முடியும்வரை போகாதே என்று தன் வீரரிடம் கேட்கலாம். பருவத்தின் நடுவே அணியை விட்டு இறங்குவது பக்கத்தில் நிற்பவரைக் கைவிடுவது. அங்கே வீரரின் கடன் தெளிவாகத் தெரிகிறது. பல ஆண்டு ஒப்பந்தம் போட்டு, முறித்தால் இவ்வளவு என்று எழுதவும் செய்யலாம். பயிற்சியாளர்களின் ஒப்பந்தங்களில் அது இருப்பதுதான். ஆனால் பயிற்சியாளர் வழக்கறிஞரை வைத்துக்கொண்டு கையெழுத்திடுகிறார். மேசையின் இந்தப் பக்கம் இருப்பவருக்குப் பதினெட்டு வயது. அவர் வீட்டில் இதற்கு முன் யாரும் கல்லூரிப் படியேறியிருக்க மாட்டார்கள். அவருக்காக அந்தக் காகிதத்தைப் படித்துச் சொல்லும் ஆளுக்கு யார் சம்பளம் தருவது என்பதை லொரெட்டோ மட்டுமல்ல, கோடிகளில் செலவழிக்கும் கல்லூரிகளும் இன்னும் தீர்க்கவில்லை.