சொன்னபடி செய்தல்

மேலிடத்தார் இடும் கட்டளை அறிவுக்குப் பொருந்தாததாய் இருக்கும்போது, அதனை ஓர் எழுத்தும் பிசகாமல் அப்படியே நிறைவேற்றி வைப்பது பணிவா, பகையா? இது தொழிற்சங்க மேடைக்குரிய கேள்வி, திருக்கோயில் விழா மலருக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று அடியார்கள் சிலர் எண்ணக்கூடும். இன்று திருவீதியில் பெருமாளைச் சேவித்து நிற்கும் நம்மிற் பலர், நாளைக் காலையில் குடியாத்தத்துத் தறிக்கோ, ஆம்பூர், பேரணாம்பட்டுத் தோல் தொழிற்சாலைகளுக்கோ, ஏதேனும் ஓர் அலுவலக நாற்காலிக்கோ திரும்ப வேண்டியவர்கள். அங்கே ஆணையிடுபவர் ஒருவர் இருக்கிறார். அவர் சொல்வதெல்லாம் நியாயமாய் இருப்பதில்லை. அன்றியும், இக்கேள்விக்கு முதல் விடையைத் தன் நடையாலேயே காட்டியவன் எம்பெருமான்.

காஞ்சியில் திருவெஃகாவில் பள்ளிகொண்டருளும் பெருமாளுக்குச் ‘சொன்னவண்ணம் செய்த பெருமாள்’ என்பது திருநாமம். வடமொழியில் ‘யதோக்தகாரி’ என்பர். திருமழிசையாழ்வாரின் சீடர் கணிகண்ணன். ஆழ்வாரின் அருளால் ஒரு மூதாட்டி இளமை பெற்றதைக் கண்ட பல்லவ மன்னன், தனக்கும் அது வேண்டும் என்று ஆசைப்பட்டான். ஆழ்வார் அரண்மனைக்கு வரமாட்டார் என்று தெரிந்தபின், ‘நீயாவது என்னைப் பாடு’ என்றான். மானிடரைப் பாடுவதில்லை என்றார் கணிகண்ணன். ‘அப்படியானால் என் நகரைவிட்டுப் போ’ என்றான் மன்னன். அவர் வாதிடவில்லை, புறப்பட்டார். சீடர் இல்லாத ஊரில் இருக்க ஆழ்வாருக்கு மனம் இல்லை, அவரும் புறப்பட்டார். போகும்போது பெருமாளிடம், உன் பாம்புப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வா என்று விண்ணப்பித்தார். பெருமாளும் அவ்வாறே எழுந்து பின்தொடர்ந்தார். நகரம் இருண்டது. மன்னன் அஞ்சி ஓடிவந்து கணிகண்ணனை இரந்தான். கணிகண்ணன் ஆழ்வாரிடமும், ஆழ்வார் பெருமாளிடமும் சொல்ல, மூவரும் மீண்டனர். அவ்விரவு அவர்கள் தங்கிய இடம் ஓரிருக்கை. இன்று ஓரிக்கை எனப்படுகிறது.

இவ்வரலாற்றைப் பக்தியின் பெருமைக்காகவே நாம் கேட்டுப் பழகியிருக்கிறோம். ஆணை என்ற கோணத்திலிருந்தும் ஒருமுறை பார்க்கவேண்டும். மன்னனின் கட்டளையை அங்கே எவரும் மீறவில்லை. அது முழுமையாக, உடனடியாக நிறைவேறியது. அந்த நிறைவேற்றமே அவனைக் கலங்க அடித்தது. தன் நகரில் எது எதைத் தாங்கி நிற்கிறது என்று அறியாமலே அவன் ஆணையிட்டான். ஆணை நிறைவேறிய பிறகே அதனை அறிந்தான்.

நம் காலத்தில் இதற்கு ‘விதிப்படி வேலை’ என்று பெயர். 1905ஆம் ஆண்டிலேயே இத்தாலிய இரயில்வே ஊழியர்கள், வேலைநிறுத்தத்தைத் தடுக்கும் சட்ட முயற்சியை எதிர்த்து, தங்கள் விதிநூலில் உள்ளவற்றையெல்லாம் வரி தவறாமல் கடைப்பிடித்தார்கள். வண்டிகள் நிலையங்களிலேயே தேங்கின. நம் நாட்டிலும் இம்முறையை நன்கு அறிந்தவர்கள் இரயில்வே ஊழியர்களே. நீராவி எஞ்சின் நாட்களில், குடியாத்தம் நிலையத்தைக் கடந்து காட்பாடிக்கும் ஜோலார்பேட்டைக்கும் இடையே ஓடிய வண்டிகளை நினைவில் வைத்திருக்கும் முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கரி அள்ளிப் போடுபவரும் ஓட்டுநரும் அந்த அனல்முன் நிற்கவேண்டிய நேரத்துக்கு உண்மையில் ஓர் எல்லை இல்லை. பயணம் முடியும்வரை பணி என்பதே வழக்கம். ஒரே தொடர்ச்சியில் பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்குவதில்லை என்ற உறுதிமொழியையே அவர்கள் 1973 ஆகஸ்டில் போராடித்தான் பெற முடிந்தது. அது சரிவர நிறைவேறாத மனக்குறையும் சேர்ந்தே 1974 மே 8ஆம் நாள் தொடங்கிய பெரும் வேலைநிறுத்தமாக வளர்ந்தது. ஏறத்தாழ 17 லட்சம் பேர் பங்குகொண்ட அது மே 27ஆம் நாள் கைவிடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றார்கள், வேலை இழந்தார்கள், ஊழியர் குடியிருப்புகளிலிருந்து குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன.

விதிப்படி நடந்தால் வண்டி ஏன் நிற்கவேண்டும்? வண்டி ஓடுவதற்காகத்தானே விதி? இதனைச் சிந்தித்தால் ஓர் உண்மை புலப்படும். புறப்படுமுன் எஞ்சினின் ஒவ்வோர் உறுப்பையும் சோதித்துப் பார் என்கிறது விதி. அவ்வளவையும் சோதிக்கப் போதிய நேரத்தைக் கால அட்டவணை தருவதில்லை. அன்றாடம் விதியைச் சற்றே தளர்த்தித்தான் வண்டி நேரத்துக்குப் போகிறது. அது மேலிடத்துக்கும் தெரியும். விபத்து நேர்ந்தால் மட்டும் விதிநூல் திறக்கப்படும். தளர்த்தியவர் குற்றவாளி ஆவார். ஆக, எழுதி வைத்த விதிகளில் ஒரு பகுதி வேலை நடப்பதற்காகவும், ஒரு பகுதி பழி போடுவதற்காகவும் இருக்கிறது. விதிப்படி வேலை செய்பவர் இந்த இரட்டைக் கணக்கை வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறார். வண்டி தாமதமாயிற்று என்பதற்காக அவரைக் குறை கூற நாவெழவில்லை. காக்கும் விதியைக் கைவிடச் செய்தவர் வேறு எவரோ. அவர் அதனை மீண்டும் கையில் எடுத்தார், அவ்வளவே.

ஆனால் எல்லா விதிகளும் அத்தகையன அல்ல. நம் பகுதித் தொழிலையே எடுத்துக்கொள்வோம். தோல், துணிபோல ஒரே சீராக நெய்து வந்த பொருளன்று. விலங்கு உயிரோடு இருந்தபோது முள் கீறிய தழும்பு, உண்ணி கடித்த புள்ளி, உரிக்கும்போது கத்தி தவறிய வடு ஆகிய யாவும் அதில் இருக்கும். முதுகுப்புறம் இறுகியிருக்கும், வயிற்றுப்புறம் தளர்ந்திருக்கும், ஒரு திசையில் இழுத்தால் நீளும், மறு திசையில் நீளாது. ஷூ கம்பெனியில் வெட்டும் பிரிவில் நிற்பவர் இவ்வளவையும் கண்ணாலும் விரலாலும் ஒரு நொடியில் அளந்து, எந்தத் துண்டை எந்த இடத்தில் எடுப்பது என்று முடிவு செய்கிறார். இந்த விவேகம் எந்தச் சுற்றறிக்கையிலும் எழுதப்படவில்லை. இதற்கென்று தனிக் கூலியும் இல்லை. அவரிடம் ஒரு மேலாளர் வந்து, ‘இத்தனை சதுர அடியில் இத்தனை ஜோடி எடுத்தே ஆகவேண்டும், ஒரு துண்டும் வீணாகக்கூடாது, காரணம் சொல்லக்கூடாது’ என்று விதித்துவிட்டால்? அவர் கோபத்தோடு தழும்பின்மேலேயே வெட்டி, சொன்ன எண்ணிக்கையைக் கொடுத்துவிடலாம். கணக்கு சரியாக இருக்கும். அந்தத் துண்டு அடுத்ததாகத் தையற் பிரிவில் இருக்கும் ஒரு பெண்ணின் கைக்கு வரும். அவள் தைத்த பிறகே குறை வெளியே தெரியும். மறுபடி பிரித்துத் தைக்கவேண்டியவள் அவள், வசவு கேட்பவளும் அவள். விதித்த மேலாளர் அதற்குள் வேறு பிரிவுக்கு மாறியிருக்கலாம்.

அறத்தின் சிக்கல் இவ்விடத்தில்தான் இருக்கிறது. காக்கும் விதியை எழுத்துப்படி காப்பது ஒன்று. கெடுக்கும் விதியை அது கெடுக்கும் என்று தெரிந்தே எழுத்துப்படி நடத்தி வைப்பது வேறொன்று. வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றே போலத் தோன்றும்.

வேலைநிறுத்தம் என்ற வாயிலை அடைத்துவிட்டால் எளியவன் எங்கே போவான் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2003 ஜூலையில் தமிழ்நாட்டில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர், ஆசிரியர் ஏறத்தாழ 1,70,000 பேர் பணிநீக்கம் செய்யப்பட்டதையும், அவ்வழக்கில் ஆகஸ்டு 6ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அரசு ஊழியர்க்கு வேலைநிறுத்தம் செய்யச் சட்ட உரிமை மட்டுமன்றி அறவுரிமையும் இல்லை என்று கூறியதையும் நாம் மறக்கவில்லை. பிற்பாடு அவர்களிற் பெரும்பாலோர் பணிக்குத் திரும்பினார்கள் என்பது வேறு. சட்டத்தைப் பற்றி நீதிமன்றம் சொல்லட்டும். அறத்தைப் பற்றியும் அதுவே முடிவாகச் சொல்லிவிட முடியுமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. மறுக்கவும் கூடாது, விலகவும் கூடாது என்றால், கீழே இருப்பவன் கையில் மிஞ்சுவது ஆணையின் எழுத்து ஒன்றே. அதனை அவன் பற்றிக்கொள்வதில் வியப்பில்லை.

ஆயினும் அந்த எழுத்து எவர் கழுத்தில் இறங்குகிறது என்று பார்த்தே ஆகவேண்டும். ஆண்டுதோறும் வைகாசி முதல் நாளில் நம் குடியாத்தத்து வீதிகளில் கெங்கையம்மன் சிரசு ஊர்வலமாக வருகிறது. ஜமதக்னி முனிவர் சினத்தில் இட்ட ஆணையை மூத்த மைந்தர்கள் மறுத்தார்கள். பரசுராமன் எழுத்துப்படி நிறைவேற்றினான். தாயின் தலை உருண்டது. மகிழ்ந்த தந்தை வரம் கேள் என்றதும், தாயை உயிர்ப்பித்துத் தா என்றே அவன் கேட்டான். அவ்வளவு பெரிய வரம் பெற்றும், அவசரத்தில் தலை வேறொரு பெண்ணின் உடலோடு பொருந்திவிட்டது என்று நம் ஊர்க் கதை சொல்கிறது. இக்கதையைப் பரசுராமனின் பணிவுக்குச் சான்றாகச் சொல்பவர் உண்டு. அவன் அவதார புருஷன். வரம் பெற்று ஈடு செய்ய வழி இருந்தது. தழும்பின்மேல் வெட்டிய துண்டை ஒட்டவைக்கும் வரம் நமக்கு எவரும் தருவதில்லை.

இளைய பெருமாளின் நடை வேறு. உத்தர காண்டத்தில், காலதேவன் முனிவர் வேடத்தில் வந்து இராமபிரானோடு தனித்துப் பேசுகிறான். இடையில் புகுபவர் எவராயினும் உயிர் இழக்கவேண்டும் என்பது விதி. வாயில் காப்பவன் இலக்குவன். அந்நேரம் துருவாசர் வந்து, உடனே என் வரவைச் சொல், இல்லையேல் இந்நாட்டையும் குலத்தையும் சபிப்பேன் என்கிறார். இலக்குவன் விதியை எழுத்துப்படி காத்திருந்தால் அவன்மேல் ஒரு குற்றமும் இல்லை. சொன்னபடி நின்றேன், நாடு அழிந்ததற்கு நானா பொறுப்பு என்று கேட்டிருக்கலாம். எந்த விசாரணையும் அவனை விடுவித்திருக்கும். அவன் உள்ளே போனான். அழிவு தன் ஒருவனோடு போகட்டும் என்று எண்ணியே போனான். அதன் விலையாகச் சரயு நதிக்கரையில் உயிரைத் துறந்தான். சேஷத்வத்துக்கு, அதாவது தொண்டு பூண்டு ஒழுகும் நிலைக்கு, இலக்கணமாக நம் ஆசாரியர்கள் காட்டுவது இவனையே என்பதை இங்கே எண்ணிப்பார்க்க வேண்டும். அவனது அவதாரமாகவே போற்றப்படும் உடையவரும், திருக்கோட்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்து பெற்ற மந்திரப்பொருளை, வெளியிட்டால் நரகம் என்று எச்சரிக்கப்பட்டும், அனைவரும் அறிய வெளியிட்டார். இருவரும் மறைவாக எதனையும் செய்யவில்லை. தண்டனையைப் பிறர் தலையில் தள்ளவுமில்லை.

அப்படியானால் காஞ்சி இருண்டபோது துன்புற்ற நகர மக்கள்? அவர்கள் என்ன பிழை செய்தார்கள்? இக்கேள்வியை ஒதுக்கிவிட்டுப் போக இயலாது. ஒன்று சொல்லலாம். வெளியேறியவர்கள் நகரத்தோடு சேர்ந்தே இழந்தார்கள். ஆழ்வாரும் சீடரும் வீடின்றி ஓர் ஊரோரத்தில் இரவைக் கழித்தார்கள், பெருமாளே தம் கோயிலைவிட்டு வந்து உடன் கிடந்தார். மன்னன் மனம் மாறி வந்தபோது ஒரு நிபந்தனையும் வைக்கவில்லை, தாமதிக்கவுமில்லை. விதிப்படி வேலையில் ஊதியம் குறையாமல் நிற்க, வரிசையில் காத்திருக்கும் நோயாளியோ பயணியோ மட்டும் துன்புறுவாராயின், அது ஓரிருக்கையின் வழியன்று என்பது என் கருத்து. வெட்டும் பிரிவில் நிற்பவரும், தழும்புள்ள துண்டை மேலாளர் மேசையில் வைத்து, ‘தங்கள் விதிப்படி வெட்டினால் இது வரும், வெட்டட்டுமா?’ என்று நாலுபேர் அறியக் கேட்டுவிட்டால், பாதிச் சுமை ஆணையிட்டவர் தோளுக்கு ஏறிவிடுகிறது. கேட்பதற்கும் துணிவு வேண்டும். கேட்டவர்கள் வேலை இழந்ததும் உண்டு.

ஆணையிடும் இடத்தில் இருக்கும் அன்பர்களும் இம்மலரைப் படிப்பார்கள். பல்லவ மன்னன் தூதரை அனுப்பவில்லை, விளக்கம் கேட்டு ஓலையும் விடுக்கவில்லை. தானே அந்த ஊரோரத்துக்கு வந்து, தான் துரத்தியவரிடமே கேட்டான். திருவெஃகாவுக்குச் செல்லும் அடியார்கள் அங்கே பெருமாள் மற்றைய தலங்களிற்போலன்றித் திசை மாறிப் பள்ளிகொண்டிருப்பதைக் காணலாம். போய்த் திரும்பி வந்ததன் அடையாளமாக அவ்வாறு கிடக்கிறார் என்பர். அவ்வளவு தொலைவு செல்ல இயலாதவர்க்கு, நம் பாலாற்றங்கரையிலேயே பள்ளிகொண்டாவில் உத்தர ரங்கநாதர் இருக்கிறார். பிரமனின் வேள்வியை அழிக்க வெள்ளமாய் வந்த வேகவதியைத் தடுக்கப் பெருமாள் முதலில் குறுக்கே கிடந்த இடம் அது என்பது தலவரலாறு. கடைசியாகக் கிடந்த இடம் திருவெஃகா.