மேஜைக்கும் பாகம் உண்டா?

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பகுதிகளில் பழைய தனி வீடுகள் பல இடிக்கப்பட்டு அடுக்குமாடிகளாகின்றன. காலி செய்யும்போது மனைக்குப் பத்திரம் பார்க்கிறோம். நகைக்கு எடை பார்க்கிறோம். கூடத்துச் சுவரை ஒட்டி நின்ற, கொடியும் பூவும் கையால் செதுக்கிய பாட்டனார் காலத்துப் பர்மாத் தேக்கு மேஜை மட்டும் கணக்கில் வருவதில்லை. யார் வண்டியில் ஏறுகிறதோ அவருக்கே அது சொந்தமாகிவிடுகிறது.

"மரச் சாமானுக்குமா பாகப்பிரிவினை?" என்று சிரிப்போர் உண்டு. காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் இத்தகைய மேஜைக்கு என்ன விலை என்று விசாரித்தால் சிரிப்பு நின்றுவிடும். பர்மா, 2014 ஏப்ரல் முதல் உருட்டுமர ஏற்றுமதியையே தடை செய்துவிட்டது.

ஆயினும் விலை உயர்ந்தது என்பதற்காக நாம் பாகம் பேசவில்லை. பெற்றோர் விட்டுச் சென்றதில் ஆணுக்கும் பெண்ணுக்கும் பங்கு உண்டு, அது சொற்பமாயினும் சரி, அதிகமாயினும் சரி என்று திருமறையின் 'அந்நிஸா' அத்தியாயம் 7ஆம் வசனத்தில் அல்லாஹுத்தஆலா விதித்துவிட்டான். 'சொற்பம்' என்று அவனே சொன்ன பிறகு, "இது சின்ன விஷயம்" என்று தள்ள நாம் யார்?

மேஜையை வெட்டிப் பங்கிட முடியாது. அதன் மதிப்பைப் பங்கிடலாம். மையித்தின் அடக்கச் செலவு, கடன், வஸிய்யத் தீர்ந்தபின் மனைவி, ஒரு மகன், இரு மகள்கள் மட்டும் வாரிசுகள் என்று வைத்துக்கொள்வோம். மேஜையின் மதிப்பு 32,000 ரூபாய். மனைவிக்கு எட்டில் ஒன்று, 4,000. மகனுக்கு 14,000. மகள்களுக்கு ஆளுக்கு 7,000. மகன் மேஜையை வைத்துக்கொள்ள விரும்பினால் மற்றவர்களுக்கு 18,000 கொடுத்து, அவர்கள் சம்மதத்தோடு எடுத்துக்கொள்ளட்டும். இல்லையேல் விற்றுப் பணத்தைப் பிரிக்கட்டும். நூறாண்டு கடந்த கலைப்பொருளாயின் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் அதை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்யக் கூடாது என்பதும் நினைவிருக்கட்டும்.

"தங்கச்சி ஒன்றும் கேட்கவில்லையே!" என்பார்கள். ஏன் கேட்கவில்லை? கேட்டால் தாய்வீட்டு வாசல் அடைபட்டுவிடுமோ என்ற அச்சம் அவளுக்கு. அச்சத்தில் பிறந்த மௌனம் எப்படிச் சம்மதமாகும்? பிறர் பொருள் அவர் மனமுவந்து தந்தாலன்றி ஹலாலாகாது என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. "கல்யாணத்தில்தான் நிறையச் செய்தோமே" என்பதும் பதிலாகாது. வாப்பா உயிரோடிருந்தபோது கொடுத்தது அன்பளிப்பு. மௌத்துக்குப் பின் சேர்வது அல்லாஹ் விதித்த ஹக்கு.

ஆகவே முதலில் மதிப்புப் போட்டு, அவள் பங்கு இவ்வளவு என்று சொல்லுங்கள். அதைக் கையில் கொடுங்கள். அதன்பின் அவள் மனமுவந்து திருப்பித் தந்தால் அது ஹதியா. அவளுக்குத் தெரியாததை அவள் எப்படி விட்டுக்கொடுக்க முடியும்?

சகோதரியின் ஹக்கு கலந்த பொருள் நம் கூடத்தில் எவ்வளவு அழகாக நின்றாலும் அது நமக்குப் பாரமே. அதை இம்மையிலேயே இறக்கி வைக்க அல்லாஹ் நம் அனைவருக்கும் தௌபீக் செய்வானாக! ஆமீன்.