எவருடைய தியாகம்?

தியாகம் என்னும் சொல்லை நாம் மிகத் தாராளமாக வழங்குகிறோம். தன்னுடையதைக் கொடுப்பவன் தியாகி, இதில் ஐயமில்லை. ஆனால் தந்தை மேற்கொண்ட இலட்சியத்துக்கான விலையைப் பிள்ளை கொடுக்க நேர்ந்தால், அந்தத் தியாகம் எவருடையது? யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனின் வரலாற்றைப் படிக்குந்தோறும் இக்கேள்வி எழவே செய்கிறது.

1816இல் தெல்லிப்பழையில் அம்மிஷன் தன் பணியைத் தொடங்கியது. 1820இல் உடுவிலில் குடியேறியவர்கள் மைரன் வின்ஸ்லோவும் அவர் மனைவி ஹரியற்றும். பெற்றோரையும் உற்றாரையும் பிரிந்து, வாழ்நாள் முழுவதற்குமாகவே அவர்கள் கப்பலேறியிருந்தனர். வந்த இடத்திலும் பிரிவு ஓயவில்லை. முதலில் வந்தவர்களுள் எட்வேட் வாரன் 1818இல் கேப்ரவுனில் இறந்தார். டானியேல் பூவரின் மனைவி சூசன் 1821இலும், ஜேம்ஸ் றிச்சாட்ஸ் 1822இலும் இந்த மண்ணிலேயே மறைந்தனர்.

சாவு தரும் பிரிவு எவர் கையிலும் இல்லை. மற்றொரு பிரிவோ அவர்களே வகுத்துக்கொண்டது. பிள்ளைகள் சற்று வளர்ந்ததும் அவர்களை அமெரிக்காவுக்கு அனுப்பிவிடுவது அக்கால மிஷனரிமாரின் வழக்கம். உடுவிலில் பிறந்த வின்ஸ்லோ தம்பதியரின் மகன் சாள்ஸ் அவ்வாறு அனுப்பப்பட்டவன். அவன் அறிந்திருந்த ஒரே ஊர் இதுதான். அவனை அனுப்பியதோ, அவன் கண்டிராத ‘தாயகத்துக்கு’. 1832இல், பதினொரு வயதில், நியூயோர்க்கில் அவன் இறந்தான். 1833 ஜனவரியில் தாயும் உடுவிலில் கண்மூடினார்.

அத்தாயின் துயரம் பொய்யன்று. அதனை எள்ளி நகையாடுவது எமது நோக்கமுமன்று. ஆனால் ஏன் அனுப்பினார்கள்? சுவாத்தியம், கல்வி ஆகியவை காரணங்களாகக் கூறப்பட்டன. அவற்றினும் வலிய காரணம் ஒன்றிருந்தது. ‘அஞ்ஞானிகள்’ என்று அவர்கள் கருதிய எமது மக்களின் பிள்ளைகளோடு கலந்து வளர்ந்தால் தம் பிள்ளைகள் கெட்டுவிடுவர் என்ற அச்சமே அது. அதே காலத்தில்தான் எமது பிள்ளைகளை வீட்டைவிட்டு விடுதிக்கு அனுப்புமாறு எமது பெற்றோரைக் கேட்டார்கள். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினறி எழுந்தது. 1824இல் ஹரியற்றின் முயற்சியால் உடுவில் மகளிர் பாடசாலை எழுந்தது. உணவு, உடை, கல்வி யாவும் இலவசம். மாணவர் சிலர் தம் பெயருக்கு முன்னே அமெரிக்கப் பெயரையும் சுமந்தனர்: ஆணல்ட் சதாசிவம்பிள்ளை, கறோல் விசுவநாதபிள்ளை. இவர்கள் தமிழுக்குச் செய்த பணியை நாம் மறக்கவில்லை. எழுத்தறிவு பெண்ணுக்கு ஆகாதென்றிருந்த சமூகத்தில் ஹரியற் திறந்த கதவு எத்தகையது என்பதும் எமக்குத் தெரியும். ஆயினும், எந்த மக்களின் ஆத்துமாவுக்காக உயிரையே ஈந்தாரோ, அந்த மக்களின் பிள்ளையைத் தம் பிள்ளையின் தோழனாக ஏற்க அவருடைய கூட்டத்தாருக்கு மனம் இடந்தரவில்லை. அந்த மனத்தடைக்கு விலை கொடுத்தவன், எவரும் அபிப்பிராயம் கேட்டிராத ஒரு சிறுவன்.

இதை வாசித்து வெள்ளையர்மீது சினங்கொண்டு, அத்துடன் நிறைவடைவது எளிது. ஆனால் இந்த மனத்தடை கடல் கடந்து வந்த சரக்கா? 1930ஆம் ஆண்டளவில், ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கும் பாடசாலையில் சம ஆசனம் வேண்டுமென்ற போது, இந்தக் குடாநாட்டில் நிகழ்ந்ததென்ன? தம் பிள்ளைகளை மறித்துக்கொண்டவர்களும், பாடசாலைகளுக்கே தீ வைத்தவர்களும் எம்மவரே. அவர்களுக்கு நாம் எந்த மதப் பெயரைச் சூட்டுவது?

ஆசிரியர்களாகிய நாம் இன்றும் காணும் ஒரு தந்தை இருக்கிறார். கூப்பிடு தூரத்தில் பாடசாலை இருக்க, விடியற்காலையில் பிள்ளையை எழுப்பி, பேருந்தேற்றித் தொலைவிலுள்ள பாடசாலைக்கு அனுப்புகிறார். பிள்ளையின் படிப்புக்காகப் படாத பாடு படுவதாகக் கூறுகிறார். தியாகம் என்ற சொல்லும் இடையில் வருகிறது. பக்கத்துப் பாடசாலையின் வாங்கில் எவர் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை மட்டும் அவர் சொல்வதில்லை. பேருந்தில் தூங்கிக்கொண்டு போகும் அந்தப் பிள்ளையை எவரும் கேட்பதுமில்லை.