களமும் கோலமும்: தொடக்கப்பள்ளிக் கலைக்கல்வியில் மரபு

தொடக்கப்பள்ளியில் மரபு வடிவங்களைப் பார்த்து வரையப் பழக்குவதா, குழந்தையைத் தன்போக்கில் வரையவிடுவதா என்னும் வினா பழையது. வியன்னாவில் பிரான்ஸ் சிசெக் 1897இல் தொடங்கிய சிறார் கலைவகுப்பு இரண்டாம் நெறிக்கு முன்னோடி. பாடநூற் படங்களைப் படியெடுக்கும் முறையை எதிர்த்து ஜப்பானில் யமமோத்தோ கனே 1919இல் தொடங்கிய தன்னுரிமை ஓவிய இயக்கமும் அவ்வழிப்பட்டதே. ஆயின், தன்னுணர்வின் வெளிப்பாடே கலை என்னும் கொள்கையும் ஒரு பண்பாட்டின் விளைவு. எம்மரபும் சாராத கலைவகுப்பு என ஒன்றில்லை. எனவே, வீட்டிற்கும் வழிபாட்டிற்கும் உரிய வரைகலையைப் பள்ளி எடுத்தாளும்போது அதனை என்னவாக மாற்றுகிறது என்பதே ஈண்டு நோக்கத்தக்கது.

மட்டாஞ்சேரி முதல் இடக்கொச்சி வரையிலான கொச்சியின் மேற்குப் பகுதி இதற்குப் பொருத்தமான களம் (சிலேடை கருதியதன்று). மலையாளிகளோடு தமிழரும் கொங்கணியரும் குசராத்தியரும் தலைமுறைகளாக வாழும் பகுதி இது. தமிழர் வாயிலில் இடும் கோலமும் கேரளக் களமெழுத்தும் தரையில் பொடியால் வரையப்படுபவை. களத்திற்கு அரிசிமாவு, கரி, மஞ்சள், இலைப்பொடி, மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த சிவப்பு என ஐவண்ணப் பொடிகள். வரைவோர் குறுப்பு, புள்ளுவர் முதலிய மரபுரிமையாளர். கோலத்திற்குப் புள்ளியும் அரிசிமாவும் போதும்; வரைவோர் பெண்டிர். கோலத்தின் இழையமைப்பை 1970களில் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிப்ட் சிரோமணி குழுவினர் கணித இலக்கணமாக்கிக் காட்டினர் என்பதும் நினைவுகூரத்தக்கது. இவ்விரு கலைகளும் அழிதற்கென்றே வரையப்படுபவை. சர்ப்பக்களத்தைத் துள்ளிவரும் பெண்டிரே அழிப்பர். கோலத்தை எறும்பும் காலடியும் மறுநாளைய துடைப்பமும் அழிக்கும்.

பள்ளியிலோ கோலம் தாளுக்கு ஏறுகிறது. அளவுகோலும் அழிப்பானும் துணைவருகின்றன. வாயிலில் இழை பிசகினால் மற்றொரு சுழியைச் சேர்த்துப் பிசகையே வடிவாக்கிக் கொள்வது பெண்டிர் வழக்கம். தாளில் அது பிழை, மதிப்பெண் குறையும். இம்மாற்றம் முழுவதும் இழப்பன்று. குலவுரிமையாக இருந்த களத்தை எக்குலத்துச் சிறுவனும் தொடுவதும், பெண்டிர்க்கே உரியதெனப்பட்ட கோலத்தை ஆண்பிள்ளை இடுவதும் பள்ளியால் விளையும் நன்மைகள். மரபைக் காத்தல் என்னும் பெயரால் இவற்றை மறுப்பது அறமாகாது. ஆனால் அழியும் இயல்பையும் உரிமைத் தடையோடு சேர்த்து நீக்கிவிடுவதற்கு அத்தகைய நியாயம் எதுவும் இல்லை.

தேசியக் கலைத்திட்டச் சட்டகம் 2005 கலையைப் பள்ளிப் பாடங்களுள் ஒன்றாக்கவே வலியுறுத்தியது. அதன்வழி நிற்கும் ஆசிரியர் பள்ளித் தாழ்வாரத்தில் மாணவரை வரையச்செய்து, வரைந்தவரே மாலையில் பெருக்கித் தள்ளவும் இடமளிக்கலாம். பதிவேட்டில் ஒட்டுவதற்கு அப்போது எதுவும் எஞ்சாது.