தென்னாப்பிரிக்கா யாருக்குச் சொந்தம்?

தென்னாப்பிரிக்கா அதில் வாழும் அனைவருக்கும் சொந்தம் என்கிறது அந்நாட்டு அரசியலமைப்பின் முகப்புரை. 1955இல் கிளிப்டவுன் மாநாட்டில் விடுதலைச் சாசனமாக ஒலித்த அறிவிப்பு, 1996இல் நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் இடம்பிடித்தது. வாக்குரிமை, தொழிலைத் தேர்ந்துகொள்ளும் உரிமை போன்றவற்றைக் குடிமக்களுக்கென்று ஒதுக்கிய அதே சட்டம், மாண்பையும் சமத்துவத்தையும் மருத்துவத்தையும் எல்லோருக்கும் கொடுத்தது. அப்படி எழுதியதற்கு வரலாறு இருக்கிறது. நிறவெறி ஆட்சியில் கறுப்பின மக்கள் சொந்த நாட்டு நகரங்களிலேயே பாஸ் புத்தகம் இல்லாமல் நடமாட முடியாது. அதை எதிர்த்து 1960இல் ஷார்ப்வில்லில் கூடியவர்களில் 69 பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது. அதற்கும் முன்னால், 1913இல், அனுமதிச் சீட்டு இல்லாமல் டிரான்ஸ்வால் மாகாண எல்லையைக் கடந்த காந்தியின் அணியில் நேட்டால் நிலக்கரிச் சுரங்கத் தமிழர்கள் பலர் இருந்தார்கள். தில்லையாடி வள்ளியம்மை சிறை சென்றதும் அதே போராட்டத்தில்தான். காகிதத்தைக் காட்டினால்தான் மனிதன் என்ற ஆட்சியை முறித்துப் பிறந்த சட்டம் இது.

இந்தப் பின்னணியில் ஜிம்பாப்வே மக்களுக்குத் தரப்பட்ட சிறப்பு அனுமதியைப் படித்துப் பார்க்க வேண்டும். அங்கே பொருளாதாரம் நொறுங்கி லட்சக்கணக்கானோர் தெற்கே வந்தபோது, 2010இல் தென்னாப்பிரிக்கா அவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை செய்யவும் படிக்கவும் அனுமதி கொடுத்தது. நல்ல காரியம், சந்தேகமில்லை. பிறகு பெயர் மாறி மாறிப் புதுப்பிக்கப்பட்ட அந்த அனுமதியை வைத்திருப்போர் சுமார் 1,78,000 பேர். அதன் நிபந்தனைகளில் ஒன்று: எத்தனை ஆண்டுகள் தங்கியிருந்தாலும் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்க முடியாது. 2021இல் திட்டத்தையே முடித்துக்கொள்ள அமைச்சரவை தீர்மானித்தது. பாதிக்கப்படுவோரிடம் முறையாகக் கருத்துக் கேட்காமல் எடுத்த முடிவு செல்லாது என்று 2023 ஜூனில் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் சொன்னது. அதன்பின் தவணை தவணையாக நீட்டிப்பு. தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்து பள்ளிக்குப் போகும் பிள்ளையின் தாய்க்கும் அடுத்த அரசிதழ் அறிவிப்பு வரைதான் உறுதி.

எல்லையைக் காப்பதும், யார் வரலாம் என்று முடிவெடுப்பதும் ஒரு அரசின் உரிமை. அதை மறுப்பவர்கள் ஆட்சிப் பொறுப்பை அறியாதவர்கள். ஆனால் ஒருவரை உள்ளே விட்டு, உழைக்கவும் வரி கட்டவும் வைத்துவிட்டு, ஒருநாளும் நீ இவ்வூர்க்காரன் ஆகமாட்டாய் என்று எழுதிக் கொடுப்பது வேறு விஷயம். எல்லையில் நிற்க வேண்டிய கட்டுப்பாடு அப்போது தெருவுக்குள் வந்துவிடுகிறது, வந்தபின் குடிமகனையும் விடுவதில்லை. 2008 மே மாதம் ஜோகன்னஸ்பர்க்கின் அலெக்சாண்ட்ரா பகுதியில் தொடங்கிய வன்முறையில், வழிமறித்த கும்பல்கள் முழங்கையைக் காட்டி, அதற்கு ஜூலு மொழியில் என்ன பெயர் என்று கேட்டன. தெரியாதவர் அந்நியர். நாட்டின் வடக்கே வாழும் வேண்டா, சோங்கா குடிமக்களுக்கும் ஜூலு தாய்மொழி இல்லையே. அந்த வன்முறையில் இறந்த 60க்கும் மேற்பட்டோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் தென்னாப்பிரிக்கக் குடிமகன்.

வேலையில்லாத் திண்டாட்டம் 30 சதவீதத்தைத் தாண்டிய நாட்டில் இதெல்லாம் எடுபடுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், வேலை தேடி அலைபவரிடம் முகப்புரையை வாசித்துக் காட்டிப் பயனில்லை. ஆனால் 2022 கணக்கெடுப்பின்படி 6.2 கோடி மக்களில் வெளிநாட்டில் பிறந்தவர்கள் சுமார் 24 லட்சம், 4 சதவீதத்துக்கும் குறைவு. கணக்கில் வராதவர்களைச் சேர்த்து இரட்டிப்பாக்கினாலும் 8 சதவீதத்தைத் தொடாது. மூன்றில் ஒருவருக்கு வேலையில்லை என்ற பள்ளத்தை அவர்களைத் துரத்தி நிரப்ப முடியாது. குடியேறிய தொழிலாளர் ஒருவர் உள்ளூர்வாசிகளுக்குச் சுமார் இரண்டு வேலைகளை உருவாக்கியதாக உலக வங்கியின் 2018 ஆய்வு கணித்தது. அதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்து பார்த்தாலும், வேலையைத் தின்றவர்கள் இவர்கள் என்ற குற்றச்சாட்டு நிற்கவில்லை.

வட்டார ஒற்றுமையும் இதே இடத்தில்தான் இடறுகிறது. ஜோகன்னஸ்பர்க்கின் தங்கச் சுரங்கங்களை மொசாம்பிக், லெசோத்தோ, மலாவி ஆட்கள் தோண்டினார்கள். ஒப்பந்தம் முடிந்ததும் சிலிக்கா தூசி படிந்த நுரையீரலோடு ஊர் திரும்பினார்கள். அந்த நோய்க்கான இழப்பீட்டு உடன்பாடு 2018இல்தான் எட்டப்பட்டது. லெசோத்தோ மலைநீர் இன்றும் ஜோகன்னஸ்பர்க் பகுதிக்கு வருகிறது. ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகளின் வட்டாரக் கூட்டமைப்பில் தடையற்ற வணிகப் பகுதி 2008இலேயே தொடங்கிவிட்டது. மக்கள் போக்குவரத்துக்கான 2005 உடன்பாடோ, போதிய நாடுகள் ஏற்காததால் நடைமுறைக்கு வரவேயில்லை. அதுவும் நீர்த்துப்போன வடிவம். 1990களில் முன்வைக்கப்பட்ட, உண்மையாகவே எல்லையைத் திறக்கும் வரைவை எதிர்த்தவர்களில் முன்னணியில் நின்றது தென்னாப்பிரிக்காதான். அண்டை நாட்டு அரசு இதைப் பார்த்துக்கொண்டு தன் சந்தையை மட்டும் ஏன் திறந்து வைக்க வேண்டும்?

சிறப்பு அனுமதி வைத்திருக்கும் ஜிம்பாப்வே மக்களை நிரந்தரமாக்கினால் இன்னும் பலர் கிளம்பி வருவார்கள் என்பது கடைசி ஆட்சேபம். இந்த அனுமதியின் அமைப்பே அதற்குப் பதில் சொல்கிறது. 2010இல் பதிந்தவர்களுக்குத்தான் அடுத்தடுத்த புதுப்பிப்புகள். புதியவர் நுழைய வழியில்லாத மூடிய பட்டியல் இது. இத்தனை ஆண்டுகள் சட்டப்படி வாழ்ந்தவர்களுக்கு உரிமை தருவது, நாளை எல்லைக்கு வருபவருக்குத் தரும் வாக்குறுதி ஆகாது. புதிய சட்டமும் வேண்டியதில்லை. 2002 குடிவரவுச் சட்டத்தின் 31ஆம் பிரிவு, சிறப்புச் சூழலில் ஒரு பிரிவினருக்கு நிரந்தர வசிப்புரிமை வழங்க உள்துறை அமைச்சருக்கு அதிகாரம் கொடுக்கிறது. நிரந்தர வசிப்புக்குத் தடை போட்ட அந்த அனுமதியும் இதே பிரிவின் கீழ்தான் வழங்கப்பட்டது.